பழைய இ-கிளாஸ் வாங்கலாமா? முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். 2008-ஆம் வருட மெர்சிடிஸ் இ 280 சிடிஐ ஒன்று நாலரை லட்சத்துக்கு வருகிறது. மூன்றாவது ஓனர் விற்கிறார். 1,18,000 கி.மீ. ஓடியதாக மீட்டர் காட்டுகிறது. வாரக் கடைசியில் குடும்பத்தோடு வெளியூர் போகத்தான் வண்டி. வாங்கலாமா? வருடத்துக்கு எவ்வளவு செலவு வைக்கும்? தினமும் ஓட்டாவிட்டால் கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: வாங்கலாம். ஆனால் நாலரை லட்சத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாங்காதீர்கள். அந்த வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, அதற்குப் போடும் சாமான்களின் விலை இறங்கவில்லை. ஷாக் அப்சார்பரோ கியர்பாக்ஸ் பாகமோ, இன்றும் நாற்பது லட்ச ரூபாய் வண்டிக்கான விலையில்தான் கிடைக்கும். ஆகவே குறைந்தது இரண்டு லட்சம் தனியாக எடுத்து வையுங்கள். முதல் வருடத்திலேயே அதில் பெரும்பகுதி போய்விடும் என்று எதிர்பாருங்கள். அதற்கு வழியில்லையென்றால் இந்த ஆசையை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

நீங்கள் பார்த்திருப்பது டபிள்யூ211 தலைமுறை. 2002-இல் வந்து 2009 வரை ஓடிய மாடல். 2006-இல் முகம் மாற்றியபோது பிரேக்கையும் மாற்றினார்கள். உங்களுக்கு அது நல்ல செய்தி. அதற்கு முந்தைய வண்டிகளில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் இருந்தது. பிரேக் எத்தனை முறை மிதிக்கப்பட்டது என்று அந்த யூனிட் எண்ணிக்கொண்டே இருக்கும். எல்லையைத் தொட்டதும் எச்சரிக்கை வரும், யூனிட்டையே மாற்றச் சொல்லும். யாராவது இன்னும் குறைந்த விலைக்கு 2004 வண்டி ஒன்றைக் காட்டினால், இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2008 வண்டியில் வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்தான்.

எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். ஓஎம்642 என்ற மூன்று லிட்டர் வி6 டீசல். 190 குதிரைத்திறன், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆயிலை ஒழுங்காக மாற்றினால் பல லட்சம் கி.மீ. ஓடும். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாலரை லட்சம் சரியான விலையா இல்லையா என்பதை முடிவு செய்யப்போவதே அதுதான்.

இந்த எஞ்சினின் ஆயில் கூலர், இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அடியில் சின்ன ரப்பர் சீல்கள். பழைய சீல்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சூட்டில் வெந்து, இறுகி, தட்டையாகி, ஆயிலைக் கசியவிடும். கசிந்த ஆயில் அந்தப் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். அனுபவமில்லாத மெக்கானிக் அதைக் கிராங்க் ஷாஃப்ட் சீல் என்று நினைத்து கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார். இறக்கி மாற்றிய பிறகும் கசியும்.

சீலின் விலை சொற்பம், கூலிதான் பெரிது. டர்போவையும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றினால்தான் கூலருக்கே கை எட்டும். ஆகவே அந்த வேலையைச் செய்யும்போது புதிதாக வந்த, சூடு தாங்கும் வைட்டான் ரப்பரால் ஆன ஊதா நிற சீல்களையே போடச் சொல்லுங்கள். அத்தோடு மேனிஃபோல்ட் கேஸ்கட்டுகளையும் டர்போவுக்குக் காற்று போகும் வழியிலுள்ள சீலையும் மாற்றிவிடுங்கள். அந்தச் சீல் வழியாகக் கசியும் ஆயில், கீழே இருக்கும் ஸ்வர்ல் ஃப்ளாப் மோட்டாரின் (எஞ்சினுக்குள் போகும் காற்றைச் சுழற்றிவிடும் தகடுகளை அசைக்கும் மோட்டார்) மேல் சொட்டி அதையும் காலி செய்யும். ஒருமுறை திறக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள், கூலியை இரண்டு தடவை கொடுக்க வேண்டியதில்லை.

இதை எப்படிப் பார்ப்பது? வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியிலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அங்கேயே யோசிக்க வேண்டும். டார்ச் அடித்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தைப் பாருங்கள். காய்ந்து கிடந்தால் நிம்மதி. ஈரமாக இருந்தால் சீல் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். அப்போதுதான் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால், ஐம்பது கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். ஏழு கியர் ஆட்டோமேட்டிக். ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரோடு சேர்த்து மாற்றுவது நல்லது. அளவை ஆயிலின் சூட்டைப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும் என்பதால் தெரிந்த கராஜில் கொடுங்கள். இந்தக் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கும் மின்னணுத் தகட்டில் வேக சென்சார்கள் செத்துப்போவது உண்டு. அப்போது வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றை வாங்கி மாட்டிவிட முடியாது. அந்தத் தகட்டோடு சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டர் அந்தந்த வண்டியின் சேஸிஸ் எண்ணோடும் பிணைக்கப்பட்டது. டெஸ்ட் டிரைவில் வண்டி நன்றாகச் சூடாகும்வரை, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். சூடான பிறகுதான் இந்தக் குறைகள் தலைகாட்டும்.

பென்ஸுக்கான கம்ப்யூட்டர் ஸ்கேன் வைத்திருக்கும் கராஜில் காசு கொடுத்து முழு ஸ்கேன் எடுங்கள். எல்லா வண்டிக்கும் பொதுவான ஓபிடி என்ற சாதாரண ஸ்கேன் கருவி எஞ்சினை மட்டும்தான் படிக்கும். 1,18,000 உண்மையா என்று தெரிந்துகொள்ள, சேஸிஸ் எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளை ஓனர் மூலம் கேளுங்கள். ஸ்டியரிங் தோல் வழவழப்பாகி, பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்திருந்தால் அந்த மீட்டரை நான் நம்ப மாட்டேன்.

வண்டி சென்னையில் இருந்ததா என்றும் விசாரியுங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நிறைய கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை தெரிந்தால் விட்டுவிடுங்கள். இந்த மாடலில் பேட்டரி டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது. அந்தப் பலகையையும் தூக்கிப் பாருங்கள், ஈரமோ துருவோ இருக்கக் கூடாது. மின்னணுப் பெட்டிகள் நிறைந்த வண்டியில் தண்ணீர் புகுந்தால் அப்புறம் தொல்லைக்கு முடிவே இருக்காது.

ஆர்.சி.யைக் கவனமாகப் படியுங்கள். 2008 வண்டிக்கு முதல் 15 வருடம் 2023-லேயே முடிந்துவிட்டது. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்களா? இல்லையென்றால் அதை முடித்துக் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தினார்கள். இறக்குமதி வண்டிக்கு 40,000. புனேயில் பாகங்களைப் பூட்டித் தயாரித்த வண்டிதானா என்று ஆர்.சி.யிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். டெல்லி பதிவெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே வந்த கட்டுப்பாட்டால் பல நல்ல வண்டிகள் குறைந்த விலைக்குத் தெற்கே வந்தன. வாங்கலாம், ஆனால் அங்குள்ள ஆர்.டி.ஓ. கொடுத்த தடையில்லாச் சான்று (என்ஓசி) இருக்க வேண்டும், இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்தக் கணக்கைச் சேர்த்தால் விலை மலிவு கரைந்துவிடலாம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு ஜீரோ டிப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் பாலிசி) கிடைப்பது அரிது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களுக்கும் பாதிதான். பம்பர் உடைந்தால் மீதிப் பாதி உங்கள் பையிலிருந்துதான்.

சரி, வருடச் செலவு. வாங்கியவுடன் எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, அந்தத் தேதியிலிருந்து புதுக் கணக்கு தொடங்குங்கள். எஞ்சினுக்கு எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும். டின்னில் மெர்சிடிஸ் 229.5 அல்லது 229.51 அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் டொக் டொக் என்றால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் போயிருக்கும். அதற்கு ஷோரூம் பெட்டியே வேண்டும் என்பதில்லை. லெம்ஃபோர்டர், சாக்ஸ், மான், பாஷ் போன்ற நிறுவனங்கள் அதே தரத்தில் தங்கள் பெயரிலேயே குறைந்த விலைக்கு விற்கின்றன. அந்தப் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள், பெயரில்லாத சாமானைத் தொடாதீர்கள். முதல் வருடம் கடந்த பிறகு, நல்ல வெளி கராஜ் ஒன்று அமைந்தால், டயர், பேட்டரி தவிர்த்து வருடத்துக்கு 60,000 முதல் ஒரு லட்சம் வரை ஒதுக்கினால் போதும் என்பது என் கணக்கு. அப்படி ஒரு கராஜ் அமையாவிட்டால் இந்த வண்டியே வேண்டாம். வண்டியைத் தேடும் முன் கராஜைத் தேடுங்கள், அங்கே நிற்கும் பழைய பென்ஸ்களின் ஓனர்களிடம் பேசுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தினமும் ஓட்டாவிட்டால் வண்டி கெடாது, பேட்டரிதான் இறங்கும். பேட்டரி பலவீனமானால் இந்த வண்டி சம்பந்தமில்லாத எச்சரிக்கைகளையெல்லாம் காட்டும். அதை நம்பி சென்சார்களை மாற்றிக்கொண்டே போகாதீர்கள், முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். வீட்டில் பிளக் பாயின்ட் பக்கத்தில் நிறுத்த முடிந்தால் பேட்டரியின் சார்ஜ் இறங்காமல் காக்கும் பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றை மாட்டி வையுங்கள். ஓட்டும்போது வீட்டைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பதில் பயனில்லை. அவினாசி வரைக்குமாவது போய்வாருங்கள், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரட்டும். பானெட்டுக்குள் எலி வராமல் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். டயரில் தேய்மானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு வருடம் தாண்டியிருந்தால், டயர் பட்டன் எவ்வளவு தேயாமல் இருந்தாலும், குடும்பத்தை ஏற்றி நெடுஞ்சாலையில் போகும் முன் மாற்றிவிடுங்கள்.