பாட்டில் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: இரண்டாம் தலைமுறை கிரப்ஸ் வினையூக்கியை (ருத்தேனியம் சேர்மம்) கொண்டு வளைய மூடல் (இரண்டு முனை இரட்டைப் பிணைப்புகளை இணைத்து வளையமாக்கும் மெட்டாதெசிஸ் வினை) செய்கிறேன். மூலப்பொருள், இரண்டு அல்லில் தொகுதிகள் கொண்ட ஒரு சல்ஃபோனமைடு. டொலுயீனில் கரைத்து, செப்டம் (ரப்பர் அடைப்பான்) போட்டு மூடி, 50 டிகிரியில் வைக்கிறேன். 60 சதவீதம் வரை போய் நின்றுவிடுகிறது, சிவப்புக் கரைசல் பழுப்பாகிறது. மேலும் வினையூக்கி சேர்த்தால் டி.எல்.சி.யில் (மென்படல நிறப்பகுப்பில்) விளைபொருளை ஒட்டி இன்னொரு புள்ளி வருகிறது. வாங்கிய சரக்கே கெட்டதா?
– ஆராய்ச்சி மாணவி, திருச்சி

பதில்: சரக்கில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. இந்த வினைக்கு வழக்கமான சோதனைப் பொருளான டைஎத்தில் டைஅல்லில்மலோனேட்டை வைத்து, 1 மோல் சதவீதம் வினையூக்கி போட்டு, 30 டிகிரியில் ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் ஏறக்குறைய முடிந்துவிட்டால் பாட்டிலை விட்டுவிடலாம்.

நீங்கள் எடை போட்டுப் போடும் பொருள் வேறு, குடுவைக்குள் சாகும் பொருள் வேறு. போடுவது பென்சிலிடீன், அதாவது ருத்தேனியத்தோடு இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த கார்பன் (கார்பீன்) பினைல் தொகுதியைத் தாங்கிய வடிவம். முதல் சுற்றிலேயே பினைல் தாங்கிய அந்தக் கார்பன் கழன்றுவிடும். முனை இரட்டைப் பிணைப்புகள் வினைபுரியப் புரிய, ருத்தேனியத்தின் மேல் வெறும் CH₂ மட்டும் மிஞ்சிய மெத்திலிடீன் உருவாகும். நோஞ்சான் அதுதான். முதல் தலைமுறை வினையூக்கியில் உல்மனும் கிரப்ஸும் 1999-ல் இதை அளந்தார்கள்: 55 டிகிரியில் பென்சிலிடீனின் அரை ஆயுள் 8 நாள், மெத்திலிடீனுக்கு 40 நிமிடம். இரண்டாம் தலைமுறையில் மெத்திலிடீன் சற்றே தேவலை, ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

அதைக் கொல்வது பெரும்பாலும் நாம் வினையூக்கியில் ஒட்டிக் கூடவே அனுப்பிய பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் சேர்மம்தான். உலோகத்தை விட்டு விலகிய ட்ரைசைக்ளோஹெக்சில்பாஸ்பீன் திரும்பி வந்து அந்த CH₂ கார்பனைத் தாக்கி, மெத்தில் பாஸ்போனியம் உப்பாக எடுத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சும் ருத்தேனியம் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஹைட்ரைடு ஆகிறது. இரட்டைப் பிணைப்பை இடம் மாற்றும் வேலையை அந்த ஹைட்ரைடு செய்யும். உங்கள் இரண்டாவது புள்ளி அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். செத்த வினையூக்கி சும்மா கிடப்பதில்லை, அதனால்தான் மேலும் மேலும் போடுவது ஆபத்து.

முதலில் அந்த செப்டத்தை எடுங்கள். வளைய மூடலில் வெளிவரும் எத்திலீன் உள்ளேயே தங்கினால், மெத்திலிடீன் திரும்பத் திரும்ப உருவாகும். மெல்லிய நைட்ரஜன் ஓட்டத்தைக் கரைசலுக்குள் குமிழியாக விட்டு, எத்திலீனை வெளியேற்றுங்கள். வினையூக்கியை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று பங்காகப் போடுங்கள். இட மாற்றம் தொடர்ந்தால் 10 மோல் சதவீதம் பென்சோகுயினோன் சேர்த்தால் நன்றாக அடங்கும்.

அடுத்து மூலப்பொருள். சல்ஃபோனமைடு என்றதும் எனக்குப் பழைய வலி ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் ஆய்வகத்தில் இதே மாதிரி ஒரு பொருள் நான்கு முறை பாதியில் நின்றது. விற்றவர்களுக்குக் கோபமாகக் கடிதமே எழுதிவிட்டேன். பிறகு மூலப்பொருளின் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், 1 பிபிஎம் பக்கம் அடிக்கோட்டை விட்டு லேசாக எழும்பிய ஒரு சின்ன மும்முனை. சல்ஃபோனமைடு ஆக்க டொசில் தொகுதி ஏற்றும்போது போட்ட காரம், ட்ரைஎத்திலமீன்! காரங்கள் இந்தக் கார்பீனுக்கு நஞ்சு. வினையின் நடுவில் வரும் நான்கணு உலோக வளையத்திலிருந்து அவை புரோட்டானைப் பறிக்கும். சிறிய அமீன்கள் கார்பீன் கார்பனையே நேராகத் தாக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, குட்டி சிலிக்கா பத்தியில் இறக்கினோம். அதே பாட்டில், அதே குடுவை, முழுதாக முடிந்தது. விற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதினேன்.

முடிந்ததும் கரைசலை அப்படியே வற்றவைக்காதீர்கள். மிஞ்சிய வினையூக்கியை நிறுத்த எத்தில் வினைல் ஈதர் கொஞ்சம் விட்டுக் கால் மணி நேரம் கலக்குங்கள். ஆக்சிஜன் ஒட்டிய கார்பீன் உருவாகும். அது நிலையானது, மெட்டாதெசிஸில் இறங்காது.

அடுத்த முறை வினை பாதியில் நின்றால், அந்தக் கரைசலையே எடுத்து ஒரு பாஸ்பரஸ் என்.எம்.ஆர். போடுங்கள். 34 பிபிஎம் பக்கம், அந்த மெத்தில் பாஸ்போனியம் உப்பைக் காட்டும் புதிய கோடு தெரிகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.