நாலு எழுத்து, ஏழெட்டு உச்சரிப்பு: ஓ-யூ-ஜி-எச் கேள்வி பதில்

ஓ, யூ, ஜி, எச் நான்கும் இதே வரிசையில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ரஃப், த்ரூ, தோ, காஃப் எல்லாமே இந்த நாலு எழுத்தில்தான் முடிகின்றன. ஆளுக்கொரு சத்தம். ஏதாவது விதி இருக்கிறதா சார்? (கல்லூரி மாணவி)

விதி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பாரத்தைக் குறைக்க வழி உண்டு. 'ஃப்' சத்தம் வருகிற அன்றாடச் சொற்கள் ஐந்துதான்: ரஃப், டஃப், இனஃப், காஃப், அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியான ட்ராஃப். இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள். எச்சுக்கு அடுத்து டி வந்தால் ஜி-எச் வாயே திறக்காது: தாட், பாட், ப்ராட், ஃபாட், சாட். வறட்சியைக் குறிக்கும் ட்ரவுட்டிலும் அது ஊமைதான். உயிரொலி மட்டும் வேறு. மிச்சத்தில் தோ, ஆல்தோ, பிசைந்த மாவான டோ ஒரு பக்கம். ஏரான ப்ளவ், மரக்கிளையான பவ் இன்னொரு பக்கம். த்ரூ தனி ஆள்.

உச்சரிக்காத ஜி-எச்சை எதற்கு எழுத வேண்டும்? அது எப்படி 'ஃப்' ஆகிறது?

ஒரு காலத்தில் உச்சரித்தார்கள் என்பதால்தான். பழைய ஆங்கிலத்தில் ரஃப் என்பது ஏறக்குறைய 'ரூஹ்'. கடைசியில் வருவது நம் 'ஹ' அல்ல. காறுவதற்கு முன் தொண்டையில் எழும் உரசல். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரியை 'லோஹ்' என்னும்போது இன்றும் அதைக் கேட்கலாம். ஆங்கிலத்துக்குப் பங்காளியான ஜெர்மனிலும் அது பத்திரமாக இருக்கிறது: நைட்டுக்கு அங்கே 'நாஹ்ட்', டாட்டருக்கு 'டோஹ்டர்'.

பிரான்சிலிருந்து வந்த நார்மன்களின் படையெடுப்புக்குப் பிறகு வந்த எழுத்தர்கள் அந்த உரசலுக்கு ஜி-எச் போட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தச் சொற்களின் உயிரொலிகள் ஆதியிலேயே வேறு வேறு. எழுத்துக்கூட்டல்தான் பிற்பாடு ஒரே அச்சுக்குள் வந்து சேர்ந்தது. 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தபின் அது மெல்ல மெல்ல இறுகத் தொடங்கியது. நாக்கு அதற்குக் காத்திருக்கவில்லை. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. அதே காலத்தில் தொண்டை உரசலும் தேய்ந்தது. சில சொற்களில் சுவடே இல்லை. சிலவற்றில், முன்னால் உதடு குவிந்திருந்ததால், காதுக்கு 'ஃப்' போலக் கேட்டு அப்படியே நிலைத்தது.

எந்தச் சொல்லுக்கு எது என்பது ஊருக்கு ஊர் மாறியது. டோவுக்கே வட இங்கிலாந்தில் 'டஃப்' என்றொரு வடிவம் உண்டு. டி-யூ-எஃப்-எஃப் என்று எழுதி, அங்கே ஒரு வகைப் புட்டிங்குக்கு அதையே பெயராக வைத்திருக்கிறார்கள். ஆக, இப்போது நாம் படிப்பது பல வட்டாரங்களின் கலவை.

நம் 'க' மட்டும் ஒழுங்கா? காகம் என்பதில் முதல் க வேறு, இரண்டாவது க வேறு. ஆங்கிலத்தை மட்டும் ஏன் திட்ட வேண்டும்?

நான் திட்டவில்லையே! ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தமிழில் இடம் சத்தத்தைத் தீர்மானிக்கும். முதலில் வந்தால் வல்லோசை, ஙகரத்துக்குப் பின் 'சங்கம்' போல அதிரும், தனியாக நடுவில் வந்தால் இளகும். புதுச் சொல்லைக்கூட நீங்கள் படித்துவிடுவீர்கள். த்ரூவிலும் ரஃபிலும் நாலெழுத்தும் அதே கடைசி இடத்தில்தான் நிற்கின்றன, சத்தம் மாறுகிறது. அங்கே அகராதிதான் கதி.

என் மகள் பாட், ப்ராட் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள்.

மூலச் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. ப்ரிங்கில் ஆர் இருக்கிறது, அதன் இறந்தகாலமான ப்ராட்டிலும் இருக்கும். வாங்குவதைக் குறிக்கும் 'பை'யில் ஆர் கிடையாது, அதன் இறந்தகாலமான 'பாட்'டிலும் கிடையாது.

லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் மகனுக்கு வேலை. நான் 'ஸ்லஃப்' என்றேன், சிரிக்கிறான்.

ஊருக்கு ஸ்லவ்தான். உங்கள் 'ஸ்லஃப்'பும் இருக்கிறது ஐயா, அதே ஆறு எழுத்து: பாம்பு உரிக்கும் சட்டை. சதுப்பு நிலம் என்ற பொருளில் வந்தால் மறுபடி ஸ்லவ். அமெரிக்காவில் அதையே 'ஸ்லூ' என்பார்கள். மகனிடம் லெஸ்டர்ஷயரில் உள்ள லஃப்பரா ஊரின் பெயரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நம் நாலெழுத்தும் அதில் இரண்டு முறை வரும். முதலில் 'அஃப்', கடைசியில் வெறும் 'அ'. புதிதாக வருகிறவர்கள் ரயில் நிலையத்திலேயே மாட்டிக்கொள்கிற பெயர்!

விக்கலுக்கு இரண்டு ஸ்பெல்லிங் பார்த்தேன். எது சரி?

யூ-பி என்று முடிவதை எழுதுங்கள், அதுதான் மூத்தது. விக்கலும் ஒருவகை இருமல் என்று தவறாக எண்ணி, இருமலின் காஃபை வாலில் ஒட்டினார்கள். உச்சரிப்பு அசையவில்லை, இரண்டுக்கும் 'ஹிக்கப்'தான்.

அமெரிக்கர்கள் த்ரூவை டி-எச்-ஆர்-யூ என்று நாலே எழுத்தில் முடித்துவிடுகிறார்கள். தேர்வில் அப்படி எழுதலாமா?

கூடாது தம்பி. அங்கேயும் அது 'டிரைவ்-த்ரூ' போன்ற பலகைகளுக்குத்தான். 1906இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களைச் சுருக்கி எழுத ஆணையிட்டார், அதில் த்ரூவும் தோவும் உண்டு. நாடாளுமன்றம் எதிர்த்ததால் அந்த ஆண்டே பின்வாங்கினார். சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை 1934இல் இப்படிச் சுருக்கிய ஸ்பெல்லிங்கில் இறங்கியது, இந்த இரண்டையும் 1975இல் கைவிட்டது. ஏர் மட்டும் அங்கே பி-எல்-ஓ-டபிள்யூ என்று நிலைத்துவிட்டது.

இனஃபின் ஜி-எச், விமனின் ஓ, நேஷனின் டி-ஐ மூன்றையும் சேர்த்து ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி 'ஃபிஷ்' என்று படிக்கலாமாமே? பெர்னார்ட் ஷா சொன்னது என்கிறார்கள்.

1855இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே அந்த வேடிக்கை வந்துவிட்டது. ஷா பிறந்தது 1856. இனஃபிலிருந்து ஜி-எச்சை எடுத்து முதலில் வைப்பதும் செல்லாது, சொல்லின் தொடக்கத்தில் அது 'ஃப்' ஆகாது. பேயைக் குறிக்கும் கோஸ்ட்டில் வருவது போல 'க'தான்.