அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகர் சாண்டா ஃபேயில் ஒரே நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

காலையில் பிளாசா சதுக்கம். 1610-ல் எழுந்த ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்தில் பழங்குடிக் கைவினைஞர்கள் துணி விரித்து வெள்ளி, நீலப்பச்சைக்கல் நகைகள் விற்பார்கள். நகையின் பின்பக்கத்தில் செய்தவரின் முத்திரை இருக்கும். புரட்டிப் பார்த்து வாங்குங்கள். அக்கம்பக்கக் கடைகள் எல்லாவற்றிலும் அசல் பழங்குடி வேலை என்ற அந்த உறுதி இருக்காது.

அடுத்து, நடை தூரத்தில் லொரெட்டோ தேவாலயம். 33 படிகள், இரண்டு முழுச் சுற்று, நடுத்தூணே இல்லாத மரப் படிக்கட்டு. அதிசயம் என்பார்கள், ஆனால் படிகளைத் தாங்கும் உள்வளைவுச் சட்டம் மிக நெருக்கமாகச் சுற்றுவதால் அதுவே தூண்போலத் தாங்குகிறது. ஏற விடமாட்டார்கள், பார்க்கலாம். பிற்பகலில் கேன்யன் சாலைக் கலைக்கூடங்கள். ஐந்து மணிக்கே பல மூடிவிடும், முந்திப் போங்கள்.

நகரம் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. வந்த அன்றே மலையேறினால் தலைவலி, மூச்சுவாங்கல் வரலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். உணவகத்தில் சிவப்பா பச்சையா என்பது மிளகாய்க் குழம்பைப் பற்றிய கேள்வி. ‘கிறிஸ்துமஸ்’ என்றால் இரண்டும் வரும்.