படைவீரர்களின் தொழிற்சான்றிதழ் செலவை அமெரிக்க ராணுவம் ஏன் ஏற்கிறது?

அமெரிக்கப் படைகளில் பணியாற்றும் ஒருவர், கணினிப் பாதுகாப்பு, வெல்டிங், விமானப் பராமரிப்பு போன்ற துறைகளில் வெளியுலகம் ஏற்கும் சான்றிதழைப் பெற விரும்பினால், வரம்புக்கு உட்பட்டு அதற்கான கட்டணத்தை அவருடைய படையே செலுத்துவதுதான் சான்றிதழ் நிதியுதவி.

படையில் கற்ற திறமைக்கு வெளியே தானாக மதிப்புக் கிடைப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். ராணுவ ஹெலிகாப்டர்களைப் பல ஆண்டுகள் பழுதுபார்த்தவரும், விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் மெக்கானிக் சான்றிதழ் இல்லாமல், பயணிகள் விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திட முடியாது. சிறுவயது முதல் வயலில் டிராக்டர் ஓட்டிப் பழகியவரிடமும் சாலையில் காவலர் கேட்பது உரிமத்தைத்தானே!

இதில் ஒரு கணக்கும் உண்டு. என் பார்வையில் அதுவே வலுவான காரணம். பணி முடித்து வெளியேறியவர் வேலையின்றி இருந்தால், அவருக்கு மாநிலம் வழங்கும் வேலையின்மைப் படியை அவர் பணியாற்றிய படையே ஈடுசெய்ய வேண்டும். தேர்வுக் கட்டணம் அதைவிட மலிவு.

இந்த உதவியைப் பெற்றால் ஜி.ஐ. பில் கல்விச் சலுகை குறைந்துவிடும் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். ஜி.ஐ. பில் என்பது முன்னாள் படைவீரர் துறை நடத்தும் தனித் திட்டம்; தேர்வில் தோற்றாலும், ஒரு தேர்வுக்கு 2,000 டாலர் வரை கட்டணத்தை அது தனியே திருப்பித் தரும்.