டிவியோடு விற்கும் நாலாயிரம் ரூபாய் கேபிள்

கேள்வி: 55 அங்குல 4கே டிவிக்குப் பணம் கட்டிவிட்டோம். தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ கேபிளை 4,200 ரூபாய்க்கு எடுத்தால்தான் முழுத் தெளிவு வரும், சாதாரண கேபிள் போட்டால் கலர் மங்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – மதுரை வாசகர்

வாங்காதீர்கள்.

கலர் மங்கும் என்பது மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் செருகிய காலத்துப் பேச்சு. அதில் சிக்னல் கொஞ்சம் கெட்டால் படமும் கொஞ்சம் கெடும். பாக்ஸிலிருந்து டிவிக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளில் படம் எண்களாகப் போகிறது. அந்த எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டால் 300 ரூபாய் கேபிளிலும் 4,200 ரூபாய் கேபிளிலும் வருவது ஒரே படம்தான். கேபிள் தாங்கவில்லை என்றால் திரையில் புள்ளிகள் மினுங்கும், படம் விட்டு விட்டு வரும், அல்லது வரவே வராது. உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். தங்க முலாம் முனை கறுக்காமல் இருப்பதற்காகப் பூசுவது. விலை குறைந்த கேபிள்களிலும் அது உண்டு.

முதலில் உங்கள் வீட்டில் எதைப் பார்க்கிறீர்கள் என்று யோசியுங்கள். யூடியூபும் மற்ற ஆப்களும் டிவிக்குள்ளேயே ஓடினால் அவை வைஃபையில் வருகின்றன. எச்டிஎம்ஐ கேபிளுக்கு அங்கே வேலையே இல்லை. செட்டாப் பாக்ஸுக்கு அதனுடன் வந்த கேபிளே போதும். பையனுக்கு பிளேஸ்டேஷன் 5 கேம் கருவி இருந்தால், அதற்கான கேபிளும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

தனியாக வாங்கத்தான் வேண்டும் என்றால், உறையில் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' முத்திரை உள்ள இரண்டு மீட்டர் கேபிள் எடுங்கள். நொடிக்கு 18 கிகாபிட் அளவு தகவலைத் தாங்கும். 4கே படத்துக்கு அது தாராளம். நொடிக்கு 120 பிரேம், அதாவது 120 படங்கள், ஓடும் கேம் ஆடுபவர்களுக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு', 48 கிகாபிட். முத்திரையைப் போனில் ஸ்கேன் செய்து அசலா என்று பார்க்கலாம். 'எச்டிஎம்ஐ 2.1' என்று பெரிதாக அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். கேபிளுக்குப் பதிப்பு எண் போடக் கூடாது என்பது எச்டிஎம்ஐ உரிமம் வழங்கும் அமைப்பே வைத்திருக்கும் விதி. இருந்தும் கடைக்குக் கடை அந்த எண்தான் தொங்குகிறது, கேட்பார் இல்லை.

காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: நீளம். புரொஜெக்டர் வைக்கிறீர்கள், அல்லது பாக்ஸ் ஒரு மூலையிலும் டிவி எதிர்ச் சுவரிலும் இருக்கிறது, பத்து மீட்டர் ஓட வேண்டும் என்றால் சாதாரண செம்புக் கேபிளில் 4கே தடுமாறும். அங்கே ஒளியிழை (ஃபைபர்) எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அதற்கு ஒரு முனை பாக்ஸ் பக்கம், மறுமுனை டிவி பக்கம் என்று திசை உண்டு. மாற்றிச் செருகினால் படம் வராது. சுவரைக் கொத்தும் முன் கேபிளைத் தரையிலேயே விரித்து, டிவியில் மாட்டி, ஒரு படம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அப்புறம் முனை நுழையும் அளவுக்குப் பெரிய பைப் பதித்து அதற்குள் விடுங்கள். கேபிளை நேரடியாகச் சிமெண்டில் பூசவே கூடாது. நாளைக்கு அது போனால் சுவரையும் சேர்த்து உடைக்க வேண்டும்.

கடைக்காரர் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்? டிவியில் அவருக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. கேபிள், ஸ்டாண்டு, கூடுதல் வாரண்டி ஆகியவற்றில்தான் அவர் காசு பார்க்கிறார். எம்ஆர்பி 6,999, உங்களுக்காக 4,200 என்பார். எம்ஆர்பியைத் தாண்டி விற்றால் சட்டம் கேட்கும். அந்த எம்ஆர்பியையே கண்டபடி ஏற்றி அச்சடித்தால் கேட்க யாரும் இல்லை. வருடக்கணக்காக இந்த ஓட்டை வழியாகத்தான் மக்களின் பணம் போகிறது, எனக்கு ஆத்திரமாக வருகிறது. இரண்டு டிவியைப் பக்கத்தில் வைத்து 'வித்தியாசத்தைப் பாருங்கள்' என்று காட்டினால், இரண்டிலும் ஒரே படம், ஒரே பிக்சர் மோட் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது.

டிவியை மாட்ட வருபவரும் பையிலிருந்து ஒரு கேபிளை எடுப்பார். பில் தர முடியுமா என்று கேளுங்கள், திரும்ப உள்ளே வைத்துவிடுவார். கேபிள் எடுத்தால்தான் டெலிவரி என்று கடையில் அடம்பிடித்தால் பணம் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அவர் முன்னாலேயே போன் போடுங்கள்.