பாஸிவ் ரேடார் ப்ராஜெக்ட் வேலைக்கு உதவுமா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

ஈசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், ஜிபிஎஸ், கலிலியோ போன்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கொண்டு, நகரும் கப்பல்களைக் கண்டறியும் பாஸிவ் ரேடாரை இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக எடுக்க விரும்புவதாகவும், அதை நம்பினால் வேலை கிடைக்குமா என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தாராளமாக எடுக்கட்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதில் எந்தப் பகுதியை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும்.

வழக்கமான ரேடார் தானே அலையை அனுப்பி எதிரொலியைப் பெறுகிறது. பாஸிவ் ரேடார், வேறு தேவைக்காக ஏற்கெனவே பரவிக்கொண்டிருக்கும் அலையையே பயன்படுத்திக்கொள்கிறது. 1935 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டேவன்ட்ரி அருகே, பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பைக் கொண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானி வாட்சன்-வாட் விமானம் ஒன்றைக் கண்டறிந்து காட்டியதும் இந்த முறையில்தான். கரைக் கோபுரங்களின் ஒலிபரப்பு எட்டாத நடுக்கடலிலும் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்கிறது என்பதால், ரோம் சபியென்சா, பர்மிங்காம் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இதைக் கப்பல்களுக்குப் பயன்படுத்தி ஆராய்ந்துள்ளனர்.

சிக்கல், சிக்னலின் பலவீனம். சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல், ரிசீவரை நேரடியாக அடையும்போதே ஒரு வாட்டின் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். கப்பலில் பட்டுச் சிதறி வருவது அதைவிட மிகக் குறைவு. பல வினாடிகளின் பதிவை ஒன்றுசேர்த்தால்தான் எதிரொலி இரைச்சலிலிருந்து மேலெழும். ஆனால் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் கப்பல், 30 வினாடிகளில் 300 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. அதன் டாப்ளர் அதிர்வெண்ணும், அதாவது கப்பல் நகர்வதால் எதிரொலியின் அதிர்வெண்ணில் ஏற்படும் விலகலும், அதற்குள் மாறக்கூடும். இவ்விரு மாற்றங்களையும் கணித்துச் சரிசெய்யாமல் கூட்டினால் எதிரொலி கரைந்துபோகும். தங்கள் மகள் உழைக்க வேண்டிய இடம் இதுவே என்று உறுதியாகச் சொல்வேன்.

ரேடார் என்ற பெயரிலேயே வரும் வேலைகள் குறைவுதான். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் பெங்களூரு ரேடார் ஆய்வகமான எல்ஆர்டிஇ, பாரத் எலக்ட்ரானிக்ஸ், இஸ்ரோ ஆகியவை ப்ராஜெக்ட்டின் தலைப்பைப் பார்த்து ஆளெடுப்பதில்லை. அவற்றுக்கான தேர்வுகளுக்கும் பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வுக்கும் தனியே படித்தாக வேண்டும். எனினும் மேலே சொன்ன கணக்கைத் தானே நிரலாக எழுதிப் பார்த்தவருக்கு, மொபைல் மோடம், கார்களில் பொருத்தும் ரேடார், ஜிபிஎஸ் ரிசீவர் ஆகியவற்றை வடிவமைக்கும் தனியார் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு நிறைய இருக்கும். ஃபூரியர் மாற்றம் (சிக்னலை அதன் அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் கணிதம்), நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் ஆகிய மூன்றிலும் அவருக்குப் பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த விடுமுறையை அதற்கே ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஓராண்டுக்குள் கடற்கரையில் நின்று உண்மையான கப்பலைக் கண்டறிந்தே தீர வேண்டும் என்ற இலக்கு வேண்டாம். துறைமுகத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்புவதற்குக் கல்லூரி வழியாக எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டியிருக்கும். அதற்கே மாதங்கள் ஆகலாம். செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வரும் சிக்னலை உண்மையாகவே பதிவுசெய்து, கப்பலின் எதிரொலியைக் கணினியில் உருவாக்கிச் சேர்த்து, தம் நிரல் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று சோதிப்பது இளநிலைப் படிப்புக்குப் போதுமான, நேர்மையான வேலை. எதிரொலியையும் உண்மையாகப் பதிவுசெய்யும் எண்ணம் இருந்தால், நேரடி சிக்னலுக்கு ஒன்றும் எதிரொலிக்கு ஒன்றுமாக இரண்டு சேனல்களை ஒரே கடிகாரத்தில் பதிவுசெய்யும் கருவி துறையில் இருக்கிறதா என்று, தலைப்பைப் பதிவுசெய்வதற்கு முன்பே வழிகாட்டிப் பேராசிரியரிடம் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.