எட்டாம் வகுப்பு இயற்கணிதம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் சான் பிரான்சிஸ்கோவில் வசிக்கிறேன். சமத்துவம் என்று சொல்லி 2014இல் எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை நிறுத்த முடிவெடுத்தார்கள். வசதி உள்ளவர்கள் காசு கொடுத்து வெளியே படித்துக்கொண்டார்கள். 2024இல் மீண்டும் கொண்டுவரத் தீர்மானித்துவிட்டார்கள். கணக்குப் பாடத்தில் சமூகநீதியைப் புகுத்தினால் தரம் கெடும் என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கு அப்படித் தெரியவில்லை. நிறுத்தியவர்கள் கண்ட அநீதி உண்மையானது. பிள்ளைகளைத் தரம் பிரித்தபோது கறுப்பின, லத்தீன் பிள்ளைகளில் பெரும்பாலோர் எளிய கணக்கு மட்டும் நடக்கும் கீழ்ப் பிரிவுக்கே போனார்கள். இயற்கணிதத்தில் சேர்ந்தவர்களிலும் பலர் தேறாமல் அதையே திரும்பப் படித்தார்கள். அதற்குத் தீர்வாகப் பாடத்தையே எல்லோருக்கும் ஓராண்டு தள்ளி ஒன்பதாம் வகுப்பில் வைத்ததுதான் தவறு. பள்ளியை மட்டுமே நம்பியிருந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் அதில் நஷ்டம். மேல்நிலைக் கணிதத்தில் இனங்களுக்கிடையே இருந்த இடைவெளியும் பெரிதாகக் குறையவில்லை.

சமூகநீதி என்று நான் மதிப்பது பாப் மோசஸ் செய்ததை. கணித ஆசிரியரான அவர், 1960களில் அமெரிக்காவின் தென்மாநிலமான மிசிசிப்பியில் உயிரைப் பணயம் வைத்துக் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய உழைத்தவர். பதிவுக்குப் போனால் அங்கே மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். நல்ல பள்ளியைத் தராமல் வைத்திருந்தவர்களே, படிப்பறிவு போதாது என்று வாக்கையும் மறுத்தார்கள். 1982இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில், தன் மகளின் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் இல்லை என்று அறிந்ததும் அவரே போய்க் கற்பித்தார். கணினிக் காலத்தில் கணிதம் மறுக்கப்பட்டவர்கள் பழைய பண்ணைக் கூலிகளின் நிலைக்குத் தள்ளப்படுவார்கள் என்பது அவர் வாதம்.

கற்பித்த விதத்தைப் பாருங்கள். பிள்ளைகளை அந்த ஊர் வழியே போகும் ரெட் லைன் என்ற நகர ரயிலில் ஏற்றினார். சென்ட்ரல் நிலையத்திலிருந்து பார்க் ஸ்ட்ரீட் மூன்றாவது நிறுத்தம். ஹார்வர்டு எதிர்த்திசையில் முதல் நிறுத்தம். எண் என்றால் 'எத்தனை' என்று மட்டுமே பழகிய பிள்ளைகள் குறை எண்ணில் தடுமாறினார்கள். 'எந்தப் பக்கம்' என்றும் கேட்க வேண்டும் என்பதை அந்தப் பயணம் அவர்களுக்குக் காட்டியது. போன வழியைப் படமாக வரைந்து, தங்கள் பேச்சிலேயே சொல்லிப் பார்த்து, அதன் பிறகுதான் குறியீடுகளுக்கு வந்தார்கள். பாடத்தில் எதையும் அவர் குறைக்கவில்லை.

பின்னாளில் அவர் தொடங்கிய அல்ஜீப்ரா ப்ராஜெக்ட் என்ற கணிதக் கல்வி அமைப்பு, மதிப்பெண்ணில் கடைசியில் இருந்த உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒன்றரை மணி நேரக் கணிதம் வேண்டும், அதுவும் நான்கு ஆண்டும் வேண்டும் என்று கேட்டது. இதற்குப் பணம் செலவாகும், ஆசிரியர்கள் தேவை. பாடத்தை நிறுத்துவதற்கு இரண்டும் வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

பாடம் திரும்பி வருவது நல்லதே. ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே பின்தங்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும் ஆசிரியரும் தருவீர்களா என்று கல்வி வாரியக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரையும் கூட அழைத்துப் போங்கள். மிசிசிப்பியிலும் வாக்கை மறுத்தவர்கள், கறுப்பின மக்களைப் பற்றி 'அவர்களுக்கே வாக்கில் அக்கறையில்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மக்களே பதிவு அலுவலகத்தின் முன் வரிசையில் வந்து நின்ற பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை.